அத்தைக்கு மேல் பேச்சில்லை

பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வேண்டும் என்று கலோலைனே சொல்லிவிடுவாள் என்று தீவில் ஒரு பேச்சு உண்டு. பசி அழுகை, தூக்க அழுகை, பல் முளைக்கிற அழுகை, சும்மா வம்புக்கு அழுகிற அழுகை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்று முணுமுணுக்கிறவர்களும் உண்டு. ஆனால் தங்கள் பிள்ளைக்கு வயிறு உப்பினால் அவர்களும் முதலில் ஓடுவது அவள் வீட்டுக்குத்தான். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்துத் தொப்புளைச் சுற்றி அவள் தடவிவிட்டால், பத்து நிமிடத்தில் பிள்ளை காற்றை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கு இருந்த கர்வங்களில் கொஞ்சமாவது நியாயமான கர்வம் அது ஒன்றுதான்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் மே மாதத்தின் முதல் ஞாயிறு, பிள்ளைகளின் ஞாயிறு. தீவிலுள்ள பொடிசுகள் எல்லாம் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கோயிலில் வசனம் ஒப்பிக்கும் நாள். அவர்களுக்கு வசனம் உருவேற்றியதும் கலோலைனேதான். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் அந்த ஞாயிறில் இருந்தது. அவள் தம்பி செமிசியின் மகன் பெனிக்கு ஞானஸ்நானம். ஏழு மாதப் பிள்ளை. பெனி என்பது அவளுடைய அப்பாவின் பெயர், வைத்தவள் அவள். போதகர் முன் அவனைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போகிறவளும் அவள். அப்பாவின் அக்கா இருக்கும்போது பெற்றவள் முந்திக்கொள்வது எங்கள் தீவுகளில் வழக்கமில்லை. பிள்ளை விஷயத்தில் அத்தை ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பனுக்கும் பேச்சில்லை, அம்மாவுக்கும் பேச்சில்லை. கலோலைனேயின் சொந்தப் பிள்ளைகள் நால்வரும் ஆக்லாந்தில் இருந்தார்கள், பேரப்பிள்ளைகளை அவள் தொலைபேசித் திரையில்தான் பார்த்தாள். அதனால் பெனியின் மேல் அவளுக்கு இருந்த பிரியம் அளவுக்கு மீறியது.

காலை பத்து மணிக்கு அவள் ஞானஸ்நான அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தம்பி வீட்டிலிருந்து பெனி வீறிட்டான். சற்று நேரத்தில் அடங்கினான். கால் மணி கழித்து மறுபடியும் வீறிட்டான்.

"உன் மருமகன் நாளைக்குப் பாட வேண்டிய பாட்டுக்கு இன்னைக்கே ஒத்திகை பாக்குறான் போல," என்றாள், வாசலில் உட்கார்ந்து பூமாலை கட்டிக்கொண்டிருந்த அவள் சிநேகிதி ஃபூசி.

"எங்கப்பா பேரு வச்சிருக்கேன்ல? அவர் தும்மினாலே அடுத்த தீவுக்குக் கேக்கும். ஆனா இது வயித்து அழுகை," என்று கலோலைனே எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அக்கா வருவதைக் கண்டதும் செமிசி வீட்டுக்குள்ளிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டான். வளர்ந்த தம்பி அக்காவோடு ஒரே அறையில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதும் எங்களிடம் கிடையாது. முற்றத்தில் நாளைய விருந்துக்காக வெட்டிய குழி அடுப்பின் பக்கத்தில் போய், ஏற்கெனவே அடுக்கி முடித்த கற்களைத் திரும்பவும் அடுக்க ஆரம்பித்தான்.

உள்ளே லூபே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. வேறு தீவிலிருந்து வந்த பெண். அதிர்ந்து பேசாதவள். இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் அவள் கலோலைனேயை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எப்பலேருந்து?"

"விடிஞ்சதுலேருந்து அண்ணி. கொஞ்ச நேரம் வீறிட்டு அழுவுறான். காலை வயித்தோட மடக்கிக்கிறான், மூஞ்சி வெளுத்துப் போயிடுது. அப்புறம் அப்படியே துவண்டு படுத்துடுறான். சரி, தூங்குறான்னு நெனச்சா கால் மணியில மறுபடியும் அதே."

"வாயு."

"ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டான். பால் வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறான்."

"வயித்துல காத்து அடைச்சுக்கிட்டு இருந்தா பால் எங்கேருந்து எறங்கும்? குடு இங்க."

பாயில் பிள்ளையைக் கிடத்தி அவள் வயிற்றைத் தடவினாள். வலது பக்கம், விலாவுக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஏதோ உருளையாகக் கையில் தட்டுப்பட்டது. அவள் ஆயிரம் வயிறுகளைத் தடவியவள். இப்படி ஒன்று இதற்கு முன் அவள் கைக்குத் தட்டுப்பட்டதில்லை. கட்டிப்போன மலமாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கரைக்கிற எண்ணத்தில் அந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள். பெனி மூச்சுக்கட்டி அலறினான். பிறகு வலி வந்த வேகத்திலேயே போனது போல, உடம்பு தளர்ந்து, கண்கள் செருகிக்கொண்டன.

"பாத்தியா?" என்றாள் கலோலைனே, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

லூபே பார்த்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணி, இது அந்த அழுகை இல்ல."

"எந்த அழுகை?"

"ஒன்றரை மாசத்துல சாயங்காலம் ஆனா அழுவானே, நீங்க வந்து தடவி விடுவீங்களே, அது. அது மூணு மாசத்தோட நின்னு போச்சு. அப்ப அழுதாலும் முகம் செவக்கும், வெளுக்காது. நல்லாப் பாலும் குடிப்பான். நர்ஸும் சொன்னாங்க, அந்த வயித்து வலி நாலு மாசத்துக்கு மேல நிக்காது, அதுக்கப்புறம் புதுசா ஆரம்பிச்சா அது வேற எதுவோன்னு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் நர்ஸுக்கு போன் போட்டேன் அண்ணி. இன்னும் லைன்லயே இருக்காங்க."

கலோலைனேக்குச் சுருக்கென்றது. தன்னைக் கேட்காமல் போன் போட்டிருக்கிறாள். ஆனாலும் புதுத் துணி வாங்கி வைத்திருக்கிற நாளில் கோபப்பட வேண்டாம் என்று கையை மட்டும் நீட்டினாள். லூபே போனைக் கொடுத்தாள்.

தீவின் நர்ஸ் தெமாலேத்தி, தன் மகள் வசனம் ஒப்பிப்பதைப் பார்க்க முந்தின நாளே பங்காய்க்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி இருக்கிற ஊர், மகள் அங்கேதான் படிக்கிறாள். படகில் ஒன்றரை மணி நேரம். அவளும் ஒரு காலத்தில் கலோலைனேயிடம் வசனம் படித்தவள்தான்.

"டீச்சர், பிள்ளை எப்படி இருக்கான்?"

"தூங்குறான். நான் வயிறு தடவிவிட்டேன்."

"விட்டு விட்டு வீறிடுறான்னு லூபே சொன்னாங்க. கேக்க எனக்கு நல்லா படல டீச்சர். படகு இருக்கில்ல, ஒரு எட்டு இங்க கூட்டிட்டு வந்துருங்களேன். டாக்டர் இருக்காரு."

"இந்த வெயில்ல, இந்த அலையில, தூங்குற பிள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்றியா? நாளைக்கு அவனுக்கு ஞானஸ்நானம். ஏண்டி, நாலு வரி வசனத்த மறந்துட்டு நீ பேந்தப் பேந்த முழிச்சப்ப உனக்கு எடுத்துக் குடுத்தது யாரு? இப்ப நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அந்தப் பக்கம் தெமாலேத்தி சிரித்தாள். டீச்சரிடம் சிரிக்காமல் என்ன செய்வாள்? பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "சரி டீச்சர். ஆனா பச்சையா வாந்தி எடுத்தாலோ, மலத்துல ரத்தம் தெரிஞ்சாலோ, கூப்பிட்டாக் கண்ணு தெறக்காமத் துவண்டு கெடந்தாலோ ஒரு நிமிஷம் நிக்காதீங்க. ஞாயித்துக்கெழமைன்னும் பாக்காதீங்க. லூபேகிட்டயும் சொல்லிருங்க."

"சரி, சரி. உன் மகளையாவது ஒழுங்கா ஒப்பிக்கச் சொல்லு."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தடவிவிட்டா சரியாயிடும்னு அவளே ஒத்துக்கிட்டா," என்று மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சொன்னால் இந்தப் பெண் தேவையில்லாமல் பயப்படுவாள், பயந்தால் நாளைக் காரியம் கெடும், அவ்வளவுதான் அவள் நினைத்தது.

லூபே வாசல் வரை போய்ப் புருஷனைப் பார்த்தாள். செமிசிக்கு எல்லாம் கேட்டிருந்தது. படகு நூறு அடி தூரத்தில், மணலில் ஏற்றிக் கிடந்தது. எஞ்சினில் எண்ணெய் இருந்தது. அவன் படகைப் பார்த்தான், கலோலைனே இருந்த பக்கம் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"அக்கா பாத்துட்டாங்கல்ல," என்றான்.

மதியம் கலோலைனே மறுபடியும் வந்தாள். தர்பூசணியைத் துருவித் தேங்காய்ப்பாலில் கலந்த பானம் ஒரு கிண்ணத்தில் இருந்தது. பருவத்தின் முதல் பழம். பால் இறங்காத பிள்ளைக்கு இதாவது இறங்கட்டும் என்று நாலு கரண்டி ஊட்டினாள். நாலில் மூன்று கரண்டி வெளியே வந்துவிட்டது. அந்தி சாயும்போது மூன்றாவது தடவையாக வந்து வயிறு தடவினாள். இப்போது பெனி அலறவில்லை, முனகினான். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையே அழுகை வலுக் குறைந்துகொண்டே வந்தது. அதைத்தான் அவள் குணமென்று எடுத்துக்கொண்டாள். சத்தம் குறைந்தால் வலி குறைந்தது என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? லூபே நினைக்கவில்லை.

"நாளைக்குப் பாரு, சிரிச்சுக்கிட்டு வருவான்," என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு கலோலைனே போனாள்.

ஞாயிறு காலை, கோயில் முரசு முதல் தடவை ஒலித்து முடிந்ததும் லூபே அண்ணியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கலோலைனே ஆக்லாந்திலிருந்து மகள் அனுப்பிய வெள்ளைப் பாவாடைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிற வழக்கப்படி இடுப்பில் புதுப்பாய் சுற்றிக் கட்டி, காதோரம் பூவும் வைத்துவிட்டிருந்தாள். லூபே இன்னும் முந்தின நாள் உடுப்பிலேயே இருந்தாள். கையில் சுருட்டிய துணி ஒன்று.

"அண்ணி, இதக் கொஞ்சம் பாருங்க."

பிரித்தாள். துணியில் மலம் என்று சொல்ல எதுவும் இல்லை. செக்கச்செவேலென்று, கூழ் போல, வழவழவென்று ஏதோ இருந்தது.

"ரத்தம் அண்ணி."

கலோலைனே துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நர்ஸ் சொன்னது அவள் காதில் திரும்பக் கேட்டது. அந்த ஒரு கணத்தில் அவள் வேறு விதமாக முடிவெடுத்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. ஆனால் கோயில் பாதையில் பிள்ளைகள் வெள்ளை வெளேரென்று போய்க்கொண்டிருந்தார்கள், பூமாலை தயாராக இருந்தது, தர்பூசணியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"ரத்தமாம் ரத்தம். நேத்து நான்தானே தர்பூசணி ஊட்டினேன்? அது அப்படியே செவப்பா வந்திருக்கு. எத்தன பிள்ளைக்குப் பாத்திருக்கேன். போ, போய்க் குளிச்சுட்டு வா. இப்படியேவா கோயிலுக்கு வரப்போற?"

"அண்ணி, ஆராதனை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போலாமா? கெஞ்சிக் கேக்குறேன்."

"முடியட்டும், பாக்கலாம்."

கோயிலில் உட்கார இடமில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வசனம் சொன்னார்கள். ஒரு குட்டிப் பயல் பாதியில் மறந்துவிட்டு, "மிச்சத்த எங்க அக்கா சொல்லுவா," என்று சொல்லிவிட்டு உட்கார, கோயிலே சிரித்தது. முன்வரிசையில் கலோலைனேயும் சிரித்தாள். அவள் மடியில் பெனி அங்கிக்குள் கிடந்தான். ஒரு சிணுங்கல் இல்லை. பக்கத்துப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "எவ்வளவு அமைதியான பிள்ளை!" "அத்தை கை பட்டாப் போதுமே!" அவள் தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். இரண்டு வரிசை தள்ளி லூபே ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் வசனத்தைக் கேட்கவில்லை. பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் பெயர் கேட்டார். கலோலைனே எழுந்து நின்று, தன் அப்பாவின் பெயரை முழுதாக, கூரைக்குக் கேட்கும்படி சொன்னாள். போதகர் தண்ணீரை அள்ளிப் பிள்ளையின் தலையில் விட்டார்.

எந்தப் பிள்ளையும் அந்தத் தண்ணீருக்கு அழும். அழாத பிள்ளை ஒன்றை அந்தக் கோயில் கண்டதில்லை. பெனி அழவில்லை. உடம்பு ஒரு சிலிர்ப்புக்கூடச் சிலிர்க்கவில்லை. கண் பாதி திறந்தது, திறந்தபடியே எதையும் பார்க்காமல் இருந்தது. கண்ணைச் சுற்றிக் குழி விழுந்திருந்ததை இந்த வெளிச்சத்தில்தான் அவள் பார்த்தாள்.

"பெனி," என்றாள் மெதுவாக. "பெனி, அத்தைடா."

பிள்ளை வாயைத் திறந்தது. பச்சையாக, இலையைக் கசக்கிப் பிழிந்த மாதிரிப் பச்சையாக, அங்கியிலும் அவள் கையிலும் வழிந்தது.

போதகர் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். ஜெபத்தின் நடுவே, எல்லாருடைய தலையும் குனிந்திருக்கும்போது, கலோலைனே கத்தினாள்.

"செமிசி! படகை எடு!"

ஞாயிறன்று எங்கள் தீவில் யாரும் படகைத் தொடுவதில்லை, வலையைத் தொடுவதில்லை, கிணற்றடியில் துணியைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் அவள் சொன்னதும் செமிசி கோயில் ஜன்னல் வழியாகவே குதித்து ஓடினான். ஐந்தாறு பேர் பின்னால் ஓடிப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். முந்தின நாள் அவள் சொல்லியிருந்தாலும் இதே வேகத்தில் ஓடியிருப்பார்கள். அது அவளுக்குத் தெரிந்தது.

படகில் ஏறியதும் லூபே கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கேட்கவில்லை, குனியவில்லை, வாங்கிக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் அவனை மார்போடு அணைத்து, அலைத் தண்ணீர் படாமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலோலைனே ஜெபித்தாள். ஜெபத்தில் வார்த்தைகள் தடுமாறின. தீவு கண்ணுக்கு மறைந்த பிறகு அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"லூபே. நர்ஸ் நேத்தே சொன்னா. பச்சையா வாந்தி எடுத்தா நிக்காதீங்கன்னு."

லூபே திரும்பிப் பார்த்தாள்.

"வேற என்ன சொன்னாங்க?"

"ரத்தம் போனாலும்னு சொன்னா."

லூபே கடலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எஞ்சின் பக்கத்தில் செமிசி எல்லாவற்றையும் கேட்டான். அவன் முகத்தை கலோலைனே பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் இருந்தார். கோயிலிலிருந்து ஓடி வந்த தெமாலேத்தியும் சேர்ந்துகொண்டாள். டாக்டர் பிள்ளையின் வயிற்றில் ஒரு தடவைதான் கை வைத்தார், உடனே ஊசி, குழாய் என்று ஆட்களை விரட்டினார். தலைநகருக்குப் போன் போய், விமானம் கேட்கப்பட்டது. எல்லாம் வேகமாக நடந்தது. அவ்வளவு வேகத்தைப் பார்த்தபோதுதான் பிள்ளை கைவிட்டுப் போகிறான் என்பது கலோலைனேக்கு உறைத்தது.

"குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகிக்கிச்சு," என்று டாக்டர் தன் சட்டையின் கைப்பகுதியை உள்ளே மடக்கிக் காட்டினார். "செருகின எடத்துல ரத்தம் ஓடாது. குடல் இறுக்கும்போதெல்லாம் பிள்ளைக்கு உசுரு போற வலி வரும், விட்டா அடங்கும். அதான் விட்டு விட்டு அழுதிருக்கான். நேரமானா அந்தக் குடல் செத்துடும். அப்புறம் அழக்கூடத் தெம்பு இருக்காது." பிறகு கேட்டார்: "எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்துக் காலைல," என்றாள் லூபே.

"நேத்துக் காலைலயா? நேத்தே வந்திருந்தாப் பெரும்பாலும் அறுக்காமலே சரிபண்ணியிருக்கலாமேம்மா. ஏன் வரல?"

லூபே வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் இருக்கும்போது அவர்கள் பேசட்டும் என்று நிற்கிற பழக்கம், அந்த நேரத்திலும் அவளை விடவில்லை.

"நான்தான் வேணாம்னேன்," என்றாள் கலோலைனே.

டாக்டர் அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

தலைநகரிலிருந்து விமானம் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது. செய்தி வந்த இருபதாவது நிமிடம், நாலு மணி பத்துக்கு, பெனி இறந்துபோனான்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். செமிசியின் வீட்டுக் கூடத்தில் மரப்பட்டைத் துணியும் பாய்களும் அடுக்கடுக்காக விரித்து, நடுவில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். அத்தனை விரிப்புக்கு நடுவில் அவன் மிகச் சின்னதாகத் தெரிந்தான். தலைமாட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது அத்தையின் இடம். அவள் வந்து உட்கார்ந்தால்தான் சனங்கள் உள்ளே வந்து பிள்ளையை முத்தமிட முடியும். செய்முறையில் வருகிற ஆகச் சிறந்த பாயும் துணியும் அவள் முன்னால்தான் வைக்கப்படும். பெற்றவளின் சனங்கள் கந்தல் பாயை மார்பு வரை சுற்றிக்கொண்டு, கொல்லைப் புறத்தில் புகைக்கு நடுவே எல்லாருக்கும் சமைத்துப்போட வேண்டும்.

கலோலைனே வரவில்லை. ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். கடைசியில் கொல்லைப் புறத்திலிருந்து சலசலப்புக் கேட்டது. அவள் ஒரு கிழிந்த பாயை மார்பு வரை கட்டிக்கொண்டு, லூபேயின் அண்ணன்மாரோடு குழி அடுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அந்த ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து ஒதுங்கி நின்றார்கள்.

"அம்மா, நீங்க இங்க உக்காரக் கூடாதும்மா," என்றான் மூத்தவன். அவன் கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் மரியாதை தப்பவில்லை. "எங்களுக்குத்தான் பழி வரும். உள்ள போங்கம்மா."

இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக அவளை உள்ளே கூட்டி வந்தார்கள். கூடம் நிறைந்த சனத்தின் முன்னால் அவள் நின்றாள், உட்காரவில்லை.

"எல்லாரும் கேளுங்க. பிள்ளை தானாச் சாகல. என்னாலதான் செத்தான். நர்ஸ் வரச் சொன்னா, இவ கெஞ்சினா, நான்தான் விடல."

கூடம் பதறியது. "அப்படிச் சொல்லாத," என்றாள் ஃபூசி, வாயைப் பொத்துவது போல ஓடி வந்து. "ஆண்டவர் அழைச்சுக்கிட்டார், யார் தடுக்க முடியும்?" என்றார் போதகர். "உங்களவிட அவன் மேல யாருக்கு உசுரு?" என்றது ஒரு குரல். வாசலுக்கு வெளியே நின்ற செமிசி, தலை நிமிராமல், "அக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல," என்றான். ஒருவர் பாக்கியில்லாமல் மறுத்தார்கள். அத்தை தப்புச் செய்தாள் என்று சொல்ல அந்தக் கூடத்தில் யாருக்கும் வாய் வராது.

லூபே மட்டும் மறுக்கவில்லை. அவள் கால்மாட்டில், அவிழ்ந்த தலைமயிரோடு, கந்தல் பாய்க்குள் உட்கார்ந்திருந்தாள். கலோலைனே அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ வாம்மா. தலைமாட்டுல நீ உக்காரு. பெத்தவ நீ."

"அது வழக்கமில்ல அண்ணி."

"வழக்கம் கெடக்குது. நான் சொல்றேன், வந்து உக்காரு."

லூபே எழுந்திருக்கவில்லை. முழங்காலிலேயே நகர்ந்து, கலோலைனேயின் காலடிக்கு வந்தாள். தலை அவள் இடுப்புக்குக் கீழேயே இருந்தது. அவளுக்கு மட்டும் கேட்கும்படி, எப்போதும் போலத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"நீங்க சொன்னா நான் கேட்டுத்தான் ஆகணும் அண்ணி. அதனால, தயவு பண்ணி எதையும் சொல்லாதீங்க. உக்காருங்க. சனங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அவள் திட்டியிருந்தால், முகத்தில் அறைந்திருந்தால், கலோலைனே தாங்கிக்கொண்டிருப்பாள். அதற்காகவே அவள் அங்கே நின்றாள். லூபே தலைமாட்டுப் பாயில் மடங்கியிருந்த ஓரத்தை நீவிச் சரிசெய்துவிட்டு, முழங்காலிலேயே பின்வாங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

கலோலைனே உட்கார்ந்தாள். பெனியின் நெற்றி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. முதலில் வந்தவன் லூபேயின் மூத்த அண்ணன். நூல் போல மெலிதாகப் பின்னிய பழைய பாய் ஒன்றை, அவர்கள் குடும்பத்தின் ஆக உயர்ந்த பாயை, அவள் முன்னால் வைத்தான். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலை குனிந்து, காலங்காலமாக அந்த இடத்தில் சொல்லப்படுகிற வார்த்தைகளைச் சொன்னான்.

"எங்க பிள்ளைய இத்தன நாள் பாத்துக்கிட்டதுக்கு, அவனுக்காக நீங்க பட்ட பாட்டுக்கு, நன்றிம்மா."

அவள் பதில் சொல்லும் வரை அவன் தலையை நிமிர்த்தக் கூடாது. அடுத்தவர்கள் உள்ளே வரவும் கூடாது. வாசல் வரை சனம் நின்றது. கால்மாட்டில் லூபே தலை குனிந்து காத்திருந்தாள்.

"நன்றி," என்றாள் கலோலைனே.